அப்பா ஓட்டும் நாற்பத்தேழு

இன்று அப்பாவுக்குப் பிறந்தநாள்.
ஆனால் அப்பாவுக்கு லீவு இல்லை.
டெட்ராய்ட் முழுக்கப் பனி கொட்டினாலும்
நாற்பத்தேழாம் நம்பர் பஸ்
ஓடியே ஆகணும், பாவம்.

"அப்பா வீட்டுக்கு வரமுடியாது என்றால்
வீடு அப்பாவிடம் போகட்டும்" என்றாள் அம்மா.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து
மசி மசி என்று மசித்தாள்.
பட்டைத் தூள் ஒரு சிட்டிகை,
ஜாதிக்காய் அரைச் சிட்டிகை,
தம்பி குவின்சியின் விரலோடு போனது எத்தனை சிட்டிகை?
அதை யாரும் கேட்கவில்லை.
அடுப்புக்குள் பை உப்பியது,
அறையெல்லாம் மணம் கப்பியது.

என் தலையில் பின்னல் பன்னிரண்டு.
பின்னல் நுனியில் மணிகள் மூன்று மூன்று.
எல்லாமே நீலம், அப்பா சட்டையின் நீலம்.
இப்படி ஆட்டினால் சலக்,
அப்படி ஆட்டினால் சலக் சலக்.
"ஆட்டாதே டேவியா, இன்னும் ஒன்று பாக்கி!"
ஷியா வெண்ணெய் மணக்க மணக்க
சுருள் முடிக்குள் நடந்தன அம்மாவின் விரல்கள்.

குட்டி ஓப்பலுக்குக்
கோட்டு மேல் கோட்டு, குல்லா மேல் குல்லா.
உள்ளே ஓப்பல் இருக்கிறாளா என்று
ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டோம்.
இருந்தாள்.

புஸ்ஸ்ஸ்!
பெருமூச்சு விட்டுக் கதவு திறந்தது பஸ்.
அப்பா ஒரு நிமிஷம் பேசவே இல்லை.
அப்புறம் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு,
"டிக்கெட் எடுங்க, டிக்கெட்!" என்றார்.
தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்
கண் இரண்டும் சிரித்துக் காட்டிக்கொடுத்தன.

முன் சீட்டில் டிராம்போன் பெட்டியோடு
பெட்டிஃபோர்ட் மாமா.
நடு சீட்டில் வேலை முடிந்து தூங்கும் நர்ஸ் அக்கா.
கண்ணைத் திறக்கவில்லை அவள்,
மூக்கை மட்டும் திறந்தாள்.
"ஆகா, யார் மடியில் அந்தப் பை?"

என் மடியில்!
வளைவில் பஸ் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன்,
பள்ளத்தில் குதித்தால் மூச்சைப் பிடித்தேன்.
மணிகள் சலக். பை பத்திரம்.
நிறுத்தம் ஒன்பது, மணிகள் சலக். பை பத்திரம்.
ஓப்பல் கயிற்றை எட்டி இழுத்தாள். டிங்!
இறங்க யாருமில்லை. இன்னொரு டிங்!
"இந்தப் பயணிக்கு எங்கேதான் போகணும்?"
அப்பா கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

கடைசி நிறுத்தம்.
அப்பாவுக்கு ஓய்வு ஏழே நிமிஷம்.
பஸ்ஸுக்குள் நெருப்பு கூடாது, அது சட்டம்.
மெழுகுவத்திக்கு என்ன செய்வது?
குவின்சி பாக்கெட்டில் கைவிட்டான்,
டார்ச் லைட்டை எடுத்து
பைக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தான்.
"ஊதுங்க அப்பா!"

ஊஃப்!
அணையவில்லை. குவின்சி பட்டனை அமுக்கவில்லை.
ஊஃப்! ஊஹூம்.
நர்ஸ் அக்காவும் சேர்ந்து ஊஃப்!
அப்போதுதான் அணைத்தான், கள்ளன்.
பெட்டிஃபோர்ட் மாமா பெட்டியைத் திறந்தார்.
பொம்ம்ம் பொம்ம்ம் என்று அது வாழ்த்தியதில்
ஜன்னல் பனி கொஞ்சம் உதிர்ந்தது.

அம்மா அப்பாவுக்கு ஊட்டினாள்.
அப்பா அம்மாவின் மூக்கில் துளி பூசினார்.
நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.
பார்த்தோம்.

திரும்பும்போது மைக்கில் அப்பாவின் குரல்:
"அடுத்த நிறுத்தம், என் வீடு.
அதில் இருப்பவை நாலு தங்கம்.
பார்த்து இறங்கவும், படியில் பனி."

ராத்திரி.
பின்னலுக்கு மேல் சாட்டின் தொப்பி,
கழுத்து வரைக்கும் போர்வை.
தெருமுனையில் நாற்பத்தேழு வருகிறது.
விளக்கு ஒருமுறை சிமிட்டியது,
இன்னொருமுறை சிமிட்டியது.

குவின்சி, குவின்சி, எழுந்திரு!
டார்ச் எங்கே?